உப்புக் கரிக்காத சேறு

'நெய்தல்-2' ஆய்வுக் கப்பல்,
மன்னார் வளைகுடா.

மதினிக்கு,

நீங்கள் கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது. தின்று தீர்க்கவில்லை. பாதியைச் சோதனைக் கருவிக்குள் ஊற்றிவிட்டார்கள். மீதிப் பாதி அரக்கு முத்திரையோடு குளிர் அறையில் இருக்கிறது, அரசாங்கச் சாட்சியாக. இதைப் போனில் சொன்னால் "அடுப்புல வச்சிருக்கேன்த்தா, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை காய்கறிப் படகு கரைக்குத் திரும்புகிறது, அதில் இது வரும்.

வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒன்றை மட்டும் வரிசையை மீறி இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் மழைக்குழியை மூட அண்ணன் டிப்பர் லாரிக்காரனிடம் பேசியிருக்கிறாரே, அந்த லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு கூடை மண்கூடக் குழியில் விழக் கூடாது. அண்ணன் கோபப்பட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

இனி வரிசை.

கப்பலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "மண்ணு பாக்குற வேலை" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். "நம்ம ஊர்ல இல்லாத மண்ணா" என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். கடலுக்கு அடியில் இருப்பதும் தரைதான் மதினி. கரையிலிருந்து வெகுதூரம் வரை அது ஒரு மேடைபோல மெதுவாகச் சரிந்து போகிறது, அதற்கப்புறம்தான் சடாரென்று இறங்கி ஆழ்கடல் ஆகிறது. அந்த மேடையின்மேல் ஆறுகள் கொண்டுவந்த வண்டலும், செத்த சிப்பியும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகளும் தூசி படிவதுபோல் படிந்துகொண்டே இருக்கின்றன. அடியில் உள்ளது பழசு, மேலே உள்ளது புதுசு. நாங்கள் கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கி அந்த அடுக்குகளைக் கலையாமல் உருவி எடுப்போம். மேலே வந்ததும் பனங்கிழங்கைக் கிழிப்பதுபோல் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒன்று வேலைப் பாதி. அதை வெட்டலாம், கரைக்கலாம், காய்ச்சலாம். மற்றது சாட்சிப் பாதி. அதை ஒருவரும் தொடக் கூடாது. நாளைக்கு ஒருத்தன் வந்து "நீ சொன்னது பொய்" என்றால் திறந்து காட்டுவதற்கு. எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வருகிற எந்தப் பொருளுக்கும் இதுதான் சட்டம். புளிக்காய்ச்சலுக்கு என்ன நேர்ந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மண்ணைக் கடிப்போம். எத்தனை லட்சத்துக்குக் கருவி வைத்திருந்தாலும், குழாயின் நுனியிலிருந்து ஒரு கடுகளவு எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தால்தான் எங்கள் ஆட்களுக்கு மனசு ஆறும். நறநறவென்றால் வண்டல். வெண்ணெயாக நழுவினால் களிமண். பிறகு துப்பிவிடுவோம். மாசமாக இருந்தபோது அடுப்புச் சாம்பல் தின்றீர்கள் என்று உங்களைக் கேலி செய்தவள் நான். எட்டு வருஷமாகக் கடல் சேற்றைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், அத்தனையும் உப்பு. எங்கள் தொழிலில் உப்பு ஒரு ருசியே இல்லை. அது இருப்பதாகவே நாக்கு நினைக்காது.

போன வாரம் ஒரு காலையில் துளைக்கருவி வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்துகொண்டிருந்தது. திடீரென்று ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே விழுந்தது. பாறைக்குள் பொந்து. குழாயை மேலே இழுத்தபோது நுனியில் ஒரு கைப்பிடிச் சாம்பல் நிறச் சேறு மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் வழக்கம்போல் கிள்ளிக் கடித்தேன். கொஞ்சம் நறநறத்தது. துப்பப் போனவள் நின்றுவிட்டேன்.

எங்கள் தலைவர் டாக்டர் சவரிராயன் பக்கத்தில்தான் இருந்தார். தூத்துக்குடிக்காரர், காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்.

"சார், இதுல உப்பு இல்ல."

"குழாயக் கழுவின நல்ல தண்ணியா இருக்கும்."

"கழுவவே இல்ல சார். மேல் சேறு அப்படியே அப்பிக்கிட்டு இருக்கு, பாருங்க."

"காலைல என்ன தின்ன?"

"இட்லியும் புளிக்காய்ச்சலும்."

"அப்ப நாக்கு செத்துருக்கும். இங்க கொண்டா."

அவரும் கிள்ளிக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மதினி, அவர் துப்பவில்லை, விழுங்கிவிட்டார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகினார், மறுபடி எடுத்தார்.

"பதினஞ்சு வருசமா சொல்லுதேன்," என்றார். "ஒருத்தன் நம்பல."

அடுத்த பத்து நிமிடத்தில் கப்பல் முழுக்க மேல்தட்டுக்கு வந்துவிட்டது. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். சார் அவருக்குத்தான் விளக்கினார், மற்றவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டோம்.

"இருபதாயிரம் வருசத்துக்கு முன்னால பூமில இருந்த தண்ணில ஒரு பங்கு மலை மலையாப் பனியா ஒறஞ்சு கெடந்துது. கடலு நாப்பது மாடி ஒசரம் எறங்கிப் போயிருந்துது. இப்ப நம்ம கப்பல் நிக்கித எடத்துல நீரு ஆடு மேய்ச்சிருக்கலாம்வே."

"கால் நனையாமலா?"

"கால் நனையாம. நம்ம பக்கத்து ஆறெல்லாம் இன்னும் அந்தால ஓடிப் போயிதான் கடல்ல விழுந்துது. பெறகு பனி உருகிச்சு, கடலு ஏறி வந்துட்டு. ஆத்துமேல சேறு படிஞ்சு மூடி போட்ட மாரி ஆயிட்டு. மூடிக்குக் கீழ அந்தக் காலத்துத் தண்ணி அப்படியே இருக்குன்னு நான் சொன்னேன். டெல்லில சிரிச்சானுவ."

"குடிக்கலாமா சார்?" என்றார் சமையல்காரர்.

"நான் குடிச்சுட்டேன்யா இப்ப," என்றார் சார். எல்லோரும் சிரித்தோம். அன்று மதியம் சேமியாப் பாயசம். கப்பல் கேப்டன் சங்கை ஊதினார். சுற்றிலும் ஒரு படகுகூட இல்லை, சும்மாதான் ஊதினார்.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்து மழைக்குச் சம்பந்தமில்லாத பழைய நீருக்குச் சட்டத்தில் ஆதிநீர் என்று பெயர். அது எந்த ஊருக்கும் சொந்தமில்லை. அரசு விரும்பிய இடத்துக்குக் குழாய் போடலாம். சார் அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கனவில்தான் இத்தனை வருஷம் ஓடினார். அவர் மகள் ரோஸ்லின் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "கோழி கூவதுக்குள்ள குடத்தோட வரிசைல நிக்கா. தண்ணி வந்தாத்தான் குளிப்பு, இல்லாட்டா பவுடரப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போறா," என்று பாயசம் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், ஆனால் டம்ளரைக் கடைசி சொட்டுவரை கவிழ்த்துக் குடித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் ஷிஃபா என்னைக் கூப்பிட்டாள். ஷிஃபா என் அறைத் தோழி, கீழக்கரைப் பெண். மண்ணில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று அவற்றின் மரபெழுத்தை, அதாவது டி.என்.ஏ.வை, வாசித்துச் சொல்வது அவள் வேலை. நாங்கள் கடித்த அதே கைப்பிடிச் சேற்றை அவள் கருவியில் போட்டிருந்தாள்.

"ஜோதி, இங்க வா புள்ள. இதப் பாரு. இது எந்தக் கிருமியும் இல்ல."

"பின்ன?"

"யாரோ மனுசன் எழுதினது. ஒரே எழுத்துக்கோர்வை, திருப்பித் திருப்பி வருது. கண்ணாடித் தூளுக்குள்ள பொதிஞ்சிருக்கு."

எனக்கு உடனே மழைக்குழிகள்தான் நினைவுக்கு வந்தன. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா மதினி? நீங்கள் கல்யாணமாகி வந்த புதுசு. மழைக்குழித் திட்டம் என்று அதிகாரிகள் ஊர் ஊராக வந்தார்கள். மழைத் தண்ணீர் ஓடி வீணாகாமல் ஆழக் குழிக்குள் இறக்கி நிலத்தடியில் சேர்ப்பது என்றார்கள். குருவியேந்தலில் யாரும் நிலம் கொடுக்க முன்வராதபோது உங்கள் சீதனக் காணியில் ஒரு மூலையைக் கொடுத்தீர்கள். குழி தோண்டி முடித்ததும் ஒரு டப்பாவைத் திறந்து சாம்பல் நிறத் தூளைக் கொட்டினார்கள். பூசாரி அதை விபூதி என்று நினைத்து நெற்றியில் இட்டுக்கொள்ளப் போக, ஓர் அதிகாரி கையைத் தட்டிவிட்டாரே. அதுதான் விலாசப்பொடி. அந்தக் கண்ணாடித் துகள் ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தக் குழிக்கென்று தனியாகக் கோர்த்த ஒரு மரபெழுத்து இருக்கும், ஒரு குழிக்கு உள்ளது இன்னொன்றுக்கு இருக்காது. தண்ணீர் எங்கே போய் ஊறினாலும், அந்த எழுத்தை வாசித்தால் எந்த ஊர்க் குழியில் இறங்கிய தண்ணீர் என்று தெரிந்துவிடும். குழி வெட்டிய ஊருக்கே அந்தத் தண்ணீரில் முதல் உரிமை என்று சட்டமும் போட்டார்கள்.

தண்ணீர்தான் ஊறவே இல்லை. மழை பெய்தது, குழி குடித்தது, அவ்வளவுதான். எந்தக் கிணற்றிலும் ஒரு முழம்கூட ஏறவில்லை. "குழிக்குத் தண்ணி வார்த்த மகராசி வாராக" என்று உங்களை ரேஷன் கடையில் கேலி பேசினார்கள். நம் ஊரில் இப்போது விருந்தாளி வந்தால் யாரும் "தண்ணி குடிக்கிறீகளா" என்று கேட்பதில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும். வருகிறவர்களும் அது தெரிந்து பாட்டிலோடுதான் வருகிறார்கள். பேசிக்கொள்ளாமலே நாம் எல்லோரும் பழகிக்கொண்டோம். இந்த லட்சணத்தில்தான் குழியை மூடிக் கொடுத்தால் சோலார் பலகை வைக்கக் குத்தகை தருவதாக ஒரு கம்பெனி வந்தது, அண்ணன் லாரிக்குச் சொன்னார். குழியை மூடினால் பதிவு போய்விடும், பதிவு போனால் உரிமையும் போய்விடும். இல்லாத தண்ணீருக்கு என்ன உரிமை என்று நானும்தான் தலையாட்டினேன்.

ஷிஃபா அந்த எழுத்துக்கோர்வையை மத்தியப் பதிவில் தேடினாள். திரையில் வந்ததை அவளே வாசித்தாள்.

"குருவியேந்தல். நில உரிமையாளர் பாண்டிமீனா, கணவர் முனியசாமி. யாருடி இது, உங்க பக்கத்து ஊரா?"

"எங்க மதினி," என்றேன். ஷிஃபா என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள்.

இரண்டு பேரும் படியில் தடதடவென்று ஏறிப் போய்ச் சாரிடம் சொன்னோம். அவர் நாங்கள் முடிக்கும்வரை கேட்டார். முகம் மட்டும் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே வந்தது.

"எந்த மண்ணுல பாத்தே?"

"நுனியில வந்த அந்த உருண்டைல சார்," என்றாள் ஷிஃபா.

"அதாவது, ரெண்டாப் பகுக்கதுக்கு முன்னாலயே நாகஜோதி கடிச்ச உருண்டைல."

"ஆமா சார்."

"நாகஜோதி எந்த ஊரு?"

ஷிஃபா என் பக்கம் திரும்பினாள். நான்தான் சொன்னேன். "குருவியேந்தல் சார்."

"ஊர்ல லீவு முடிச்சு நேரா இங்க வந்திருக்கே. ஊர்ச் சாப்பாட்டத் தெனமும் தின்னுட்டு இருக்கே. அந்தக் கருவி ஒரு துகள் கெடச்சா அதைக் கோடியாப் பெருக்கிப் பாக்கும். துகள் மண்ணுல இருந்து வந்துதா, உன் பல்லுல இருந்து வந்துதா? கோர்ட்டுல ஒரு வக்கீல் எந்திரிச்சு ஒத்தக் கேள்வி கேப்பான், மண்ணக் கடிச்ச பொம்பள எந்த ஊருன்னு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். உப்பில்லை என்று முதலில் கண்டுபிடித்ததும் என் பல், சாட்சியைக் கெடுத்ததும் என் பல்.

"இன்னொரு தடவ துளை போட்டுப் பாத்தா என்ன சார்?"

"காத்தைப் பாத்தியா? கேப்டன் குழாயெல்லாம் ஏத்திக் கட்டிட்டார். இனி அடுத்த வருசந்தான். அதுக்குள்ள தூத்துக்குடிக் குழாய்த் திட்டத்துக்குக் கையெழுத்தாயிரும். இந்த ஒரு உருண்டைதான் நம்மகிட்ட இருக்கு." பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "நான் ஆதிநீருன்னுதான் எழுதப் போறேன், பிள்ள. உன்ன ஏமாத்த இல்ல. என்னால வேற எழுத முடியாது."

அடுத்த வருஷத்துக்குள் நம் குழி மூடியிருக்கும், அதன்மேல் பலகை நின்றுகொண்டிருக்கும். நான் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். ஷிஃபாதான் கதவில் சாய்ந்தபடி சொன்னாள், "அப்ப ஜோதி வாயையும் சோதிச்சுரலாமே சார். அவ பல்லுலயும் சாப்பாட்டுலயும் அந்த விலாசம் இருந்தா நீங்க சொல்றது சரி. இல்லாட்டி?"

சார் பென்சிலைக் காதில் செருகினார். "சரி. அந்தப் புளிக்காய்ச்சலக் கொண்டா."

மதினி, அன்றைக்கு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பஞ்சுக் குச்சியால் பல் இடுக்கு, ஈறு, நாக்கு, நகக்கண் எல்லாம் துடைத்து எடுத்தார்கள். தலைமுடி, பெட்டியில் இருந்த சேலை, ஊரிலிருந்து போட்டுவந்த செருப்பின் அடி, எதையும் விடவில்லை. புளிக்காய்ச்சல் சம்படத்தைச் சாரே கையுறை போட்டுத் திறந்தார். கரண்டியால் கோடு கிழித்து இரண்டாகப் பகுத்தார். "ஆய்வுக்கூடத்துக்குள்ள வந்துட்டா எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தான். இது வேலைப் பாதி. இது சாட்சிப் பாதி," என்று ஒன்றில் சீட்டு ஒட்டி முத்திரை வைத்தார். யாருமே சிரிக்கவில்லை, அதுதான் வேடிக்கை.

கருவி ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொந்த ஊர் என் வாயில் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒருத்தி நிற்பது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒரு துகள் போதும். ஒரு வாய் தண்ணீர், ஒரு கை கழுவல் போதும். அங்கே பிறந்து வளர்ந்தவள் மேல் அதுகூடவா இல்லாமல் இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது.

ஷிஃபா கதவைத் திறந்தாள். என்னைத் தாண்டிச் சாரைப் பார்த்துச் சொன்னாள்.

"எதுலயும் இல்ல சார். பல்லுல இல்ல, நகத்துல இல்ல, செருப்புல இல்ல. புளிக்காய்ச்சல்லயும் இல்ல. அதுல உப்புதான் ஏகத்துக்கு இருக்கு."

சார் நம்பவில்லை. வேலைப் பாதியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தார். "கரிக்குதே."

"எங்க மதினி அதுல உப்பே போடல சார். ஊருக்கு வர்ற டேங்கர் லாரித் தண்ணில கரைச்ச புளி. அந்தத் தண்ணி உப்பே போதும்னு சொல்லுவாக."

"அது எப்படி பிள்ள, குருவியேந்தல்ல பொறந்து வளந்தவ மேல குருவியேந்தல் தண்ணி ஒரு சொட்டுகூடவா இருக்காது?"

"அந்தக் குழித் தண்ணிய எங்க ஊர்ல ஒருத்தரும் குடிச்சதே இல்ல சார். உள்ள போச்சு, திரும்பி வரவே இல்ல. பாத்திரம் கழுவுனதுகூட இல்ல. இருந்திருந்தா நீங்க சொன்ன மாதிரி என் வாயில இருந்திருக்கும்."

நான் வாதாடச் சொல்லவில்லை மதினி. கேட்டார், சொன்னேன். சார் புளிக்காய்ச்சல் தொட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கு அடியிலிருந்து வந்த சேற்றில் உப்பில்லை. ஊரிலிருந்து வந்த புளிக்காய்ச்சலில் உப்பு. நம் ஊர் தாகமாக இருந்ததுதான் நம் சாட்சி.

சார் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசைமேல் விரித்திருந்த கடலடிப் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். பென்சிலால் குருவியேந்தலில் ஒரு புள்ளி வைத்தார், கப்பல் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். இரண்டையும் இணைத்துக் கோடு போட்டவர், கோட்டின் நடுவில் நிறுத்தி, "ஏ, ஏ, ஏ," என்றார்.

"என்ன சார்?"

"நான் கொளம்னு நெனச்சேன், பிள்ள. இருபதாயிரம் வருசமாச் செத்துக் கெடக்கித கொளம். கெடக்கித தண்ணில உன் மதினி பொடி எப்படி இத்தன தூரம் வரும்? வராது. ஓடுனாத்தான் வரும்." அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "உங்க ஊருக்கு அடியில சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி பட்டுப் பட்டு அது கரைஞ்சு குகையாக் கெடக்கு. நீங்க ஊத்தின மழை குகைக்குள்ள எறங்கி, நேரா எங்க போயிருக்கு தெரியுமா? பழைய ஆத்துல. அந்த ஆறு சாகல. இன்னும் ஓடுது. நம்ம காலுக்குக் கீழ, கடலுக்குக் கீழ, இந்த நிமிசம் ஓடிட்டு இருக்கு."

பதினைந்து வருஷம் ஒரு மனிதர் ஒன்றைச் சொல்லி, அது பாதி தப்பு என்று தெரிந்துகொண்ட பொழுதில் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஷிஃபாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் தலையில் தட்டினார். பிறகு இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, மூச்சு வாங்க நின்றார்.

இதற்குள் அந்த உருண்டையின் மீதிச் சேற்றை ஷிஃபா நீண்ட வாசிப்புக்குப் போட்டிருந்தாள். முதல் வாசிப்பு மேலோட்டமானது, இது ஆழமானது, ஒரு நாள் பிடிக்கும். மறுநாள் அது முடிந்தபோது கப்பலில் பாதிப் பேர் அவள் அறை வாசலில் நின்றோம். பஸ் கண்டக்டர் ஸ்டாப் சொல்வதுபோல் அவள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். குருவியேந்தல். முள்ளேந்தல். கீழப்பனையடி. சின்ன உப்போடை. பேய்க்கரும்பூர். சமையல்காரர் முள்ளேந்தலுக்கு மருமகன். அந்தப் பெயர் வந்ததும் "என் மாமனார் வெட்டுன குழிடா அது" என்று கத்தினார். நான் போகாத ஊர்களின் பெயர்களும் வந்தன. எங்கள் கப்பலில் முள்ளேந்தல் ஆள் ஒருவர், குருவியேந்தல் ஆள் ஒருத்தி. மற்ற ஊர்களை யார் பல்லில் கொண்டுவந்தது? இனி எந்த வக்கீலும் எழுந்திருக்க முடியாது.

அறிக்கையில் சார் ஆதிநீர் என்ற சொல்லை எழுதவில்லை. ஓடும் நீர், மழைக்குழிகளிலிருந்து வருவது, உரிமை குழி வெட்டிய ஊர்களுக்கு என்று எழுதினார். எழுதி முடித்து என்னைக் கூப்பிட்டார்.

"கடல்ல மேடை கட்டி உறிஞ்சணும்னு இத்தன வருசம் படம் போட்டேன். அது தேவையே இல்ல. கடலுக்குள்ள போகதுக்கு முன்ன கரையிலயே மறிச்சிரலாம். உங்க ஊருக்குக் கெழக்கால, பாறைக்குக் கீழ. ஒரு கெணறு போதும். இந்தக் கப்பலுக்கே இனி இங்க சோலி இல்ல." சிரித்தார். "ஆனா குழி தொறந்து இருக்கணும் பிள்ள. மழை எறங்குனாத்தான் ஆறு. மூடிட்டா நான் நெனச்ச கொளமாப் போயிரும், பத்து இருபது வருசத்துல காலி."

"மூட விடமாட்டேன் சார். இன்னைக்கே எழுதுறேன்."

அவர் தலையாட்டினார். போகவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

"ரோஸ்லின்கிட்ட போன்ல சொன்னேன். தண்ணி கெடச்சுட்டு, ஆனா அது நம்மளது இல்லன்னு. அவ என்ன கேட்டா தெரியுமா? அப்ப யாருகிட்டப்பா போயிக் கேக்கணும்னா. நான் இத்தன நாளா அமைச்சர்கிட்டயும் செயலர்கிட்டயும் கேட்டுட்டு இருந்தேன். இனி யாருகிட்ட? உன் மதினிகிட்ட. உன் மதினி என்ன சொல்லுவாவ?"

ரேஷன் கடையில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தண்ணீர் லாரி வந்ததும் முதல் குடத்துக்கு ஓடுகிற உங்கள் வேகமும் ஞாபகம் வந்தது. மதினியிடம் கேட்டு எழுதுகிறேன் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேச்சை மாற்றினார்.

"கெணத்துல மொதத் தண்ணி வரும்போது நான் வரணும். ரோஸ்லினையும் கூட்டிட்டு வாரேன். உங்க ஊர்ப் பழக்கந்தான் எனக்குத் தெரியுமே, ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்துருவோம்."

வேண்டாம் சார், சும்மா வாங்க என்று சொல்லிவிட்டேன் மதினி. உங்களைக் கேட்காமலே.

நாகஜோதி